ஈரம் அறிவிக்கும் நிறங்கள்: தானியப் பாதுகாப்பில் ஓர் எளிய கருவி

1974ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டத்திலும், அதனை அடுத்துள்ள குஜராத்தின் பஞ்சமஹால் மாவட்டத்திலும், மக்காச்சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட பழங்குடி மக்களிடையே ஒரு வகைக் கல்லீரல் நோய் பரவியது. மஞ்சள் காமாலையும் வயிற்றில் நீர் கோத்தலும் அதன் அறிகுறிகளாக இருந்தன. 200க்கும் மேற்பட்ட சிற்றூர்களில் ஏறத்தாழ 400 பேர் நோயுற்றனர். அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீட்டு நாய்களும் இதே நோய்க்கு இரையாயின. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்நோயின் காரணத்தைக் கண்டறிந்தனர். பருவம் தவறிய மழையில் நனைந்து, சரிவர உலராமல் சேமிக்கப்பட்ட மக்காச்சோளத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து, அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கியிருந்தது.

அந்தக் குடும்பங்கள் தானியத்தை உலர்த்தாமல் விட்டதற்கு அசட்டை காரணம் என்று கூறிவிட இயலாது. தானியம் போதிய அளவு உலர்ந்துவிட்டதா என்பதை அவர்கள் எவ்வாறு அறிந்திருக்க முடியும் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. கையால் அளைந்து ஓசையைக் கேட்பதும், பல்லால் கடித்துப் பார்ப்பதும் நமது உழவர்களின் நெடுநாளைய முறைகள். அனுபவம் மிக்கவர்களுக்கு இவை பெருமளவு கைகொடுக்கின்றன. எனினும், பாதுகாப்பான காய்ச்சலுக்கும் ஆபத்தான ஈரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு 2 அல்லது 3 சதவீதமே. அந்த நுண்ணிய வேறுபாட்டைப் பல்லும் விரலும் எப்போதும் உணர்ந்துவிடுவதில்லை. மின்னணு ஈரமானியோ பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாத விலையில் உள்ளது. இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய ஓர் எளிய சாதனம் பள்ளி ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஈரம் பட்டால் நிறம் மாறும் உப்புகளே அச்சாதனம்.

நிறம் மாறுவது ஏன்?

மயில்துத்தம் எனப்படும் தாமிர சல்பேட் நீல நிறப் படிகமாக இருப்பதை அனைவரும் அறிவர். அதனைச் சூடாக்கினால், படிகத்தினுள் பிணைந்துள்ள நீர் வெளியேறி வெள்ளைத் தூளாகிறது. அத்தூளில் ஒரு துளி நீர் பட்டவுடன் மீண்டும் நீலம் தோன்றுகிறது. ஒரு திரவத்தில் நீர் கலந்துள்ளதா என்பதை அறிய மாணவர்கள் செய்யும் முதல் சோதனை இதுவே.

காற்றிலுள்ள ஈரத்தை அறிவதற்கு இதனினும் ஏற்றது கோபால்ட் குளோரைடு. நீரற்ற நிலையில் இது தெளிந்த நீல நிறமுடையது. ஒரு மூலக்கூறுக்கு ஆறு நீர் மூலக்கூறுகள் வீதம் சேர்ந்தபின் இளஞ்சிவப்பாகிறது. இடைப்பட்ட நிலையில் ஊதா கலந்த நிறம் தோன்றும். கோபால்ட் அணுவைச் சூழ்ந்து நிற்பவை எவை, எத்தனை என்பது மாறும்போது அது ஒளியைக் கவரும் விதமும் மாறுகிறது. நிற மாற்றத்துக்கு இதுவே காரணம். காற்று உலர்ந்தால் நீர் வெளியேறி, நிறம் மீண்டும் நீலத்துக்குத் திரும்புகிறது. இந்த உப்பின் கரைசலால் எழுதிய எழுத்து, தாளைச் சூடாக்கினால் மட்டுமே தெரியும் என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய வேதியியலார் அறிந்திருந்தனர். அன்று வியப்பூட்டும் விளையாட்டாக இருந்தது பின்னர் தொழில்துறையின் கருவியாயிற்று.

அம்மாற்றத்துக்குத் துணைபுரிந்தது சிலிகா ஜெல். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பாட்ரிக் இதன் தயாரிப்பு முறைக்கு 1919ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கண்ணாடி மணி போலத் தோன்றினும் இதனுள் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளன. ஒரு கிராம் சிலிகா ஜெல்லின் உட்பரப்பு பல நூறு சதுர மீட்டராகும். நீராவி இப்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. மிக ஈரமான காற்றில் இது தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்கவல்லது. ஆனால் நீரை ஏற்றபின்னும் இதன் தோற்றம் மாறுவதில்லை. ஆகவே இதில் சிறிதளவு கோபால்ட் குளோரைடு ஏற்றப்பட்டது. ஈரத்தை உறிஞ்சும் பொருளே தன் ஆற்றல் தீர்ந்துவிட்டதையும் அறிவிக்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று. இளஞ்சிவப்பான மணிகளை ஏறத்தாழ 120 செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தினால் அவை மீண்டும் பயன்படும்.

காற்றின் ஈரமும் தானியத்தின் ஈரமும்

நிறங்காட்டியைப் பயன்படுத்துவோர் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிறங்காட்டி தானியத்தின் ஈரத்தை அளப்பதில்லை. தானியத்தைச் சூழ்ந்துள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதத்தையே காட்டுகிறது. குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியின் உச்ச அளவில் எத்தனை சதவீதம் உள்ளது என்பதே ஒப்பு ஈரப்பதம். மூடிய கலத்தில் தானியத்தை வைத்தால், தானியமும் அதன் இடுக்குகளிலுள்ள காற்றும் ஈரத்தைப் பரிமாறிக்கொண்டு ஒரு சமநிலையை அடைகின்றன. ஈரமான தானியம் கலத்தின் காற்றையும் ஈரமாக்கும். உலர்ந்த தானியம் காற்றையும் உலர்த்தும். ஆகவே காற்றின் நிலையைக் கொண்டு தானியத்தின் நிலையை அறியலாம்.

இது ஒரு குறைபாடு போலத் தோன்றினாலும் உண்மையில் நன்மையே ஆகும். பூஞ்சை வளர்வதும் வளராததும் தானியத்திலுள்ள மொத்த நீரைப் பொறுத்தவை அல்ல. இடுக்குக் காற்றின் ஒப்பு ஈரப்பதத்தைப் பொறுத்தவை. அது 65 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வரை சேமிப்புப் பூஞ்சைகள் பெரும்பாலும் வளர்வதில்லை. இந்த எல்லையை ஒட்டி நெல், கோதுமை, மக்காச்சோளம் போன்றவற்றின் ஈரம் ஏறத்தாழ 13 சதவீதமாக இருக்கும். எண்ணெய்ச் சத்து மிகுந்த நிலக்கடலைப் பருப்பிலோ அது 7 சதவீத அளவே இருக்கும். அதாவது நெல்லுக்குப் பாதுகாப்பான 13 சதவீதம் நிலக்கடலைக்கு ஆபத்தானது. ஈரமானியைப் பயன்படுத்துபவர் ஒவ்வொரு விளைபொருளுக்கும் தனித்தனி அளவை நினைவில் வைக்க வேண்டும். நிறங்காட்டியைப் பயன்படுத்துபவருக்கோ எல்லா விளைபொருளுக்கும் ஒரே நிறம் போதுமானது.

இக்கருத்தின் அடிப்படையில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த அறிவியலார் கோபால்ட் குளோரைடு தாள் பதித்த ஒரு மலிவான அட்டையை உருவாக்கினர். உலர்த்திய தானியத்துடன் அதனை மூடிய கலத்தில் சிறிது நேரம் வைத்து, அருகில் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. 2017ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க நாடுகளுக்கான அறுவடைப் பின்நுட்பப் போட்டியில் இவ்வட்டை முதற்பரிசு பெற்றது. உப்பின் அளவையும் உடன் சேர்க்கும் பொருள்களையும் மாற்றினால், வெவ்வேறு ஈரப்பதத்தில் நிறம் மாறும் புள்ளிகளை ஒரே அட்டையில் அமைக்கலாம். மின்னணுப் பொருள்களின் பொதிகளில் 30, 40, 50 என எண்ணிட்ட புள்ளிகளுடன் வைக்கப்படும் அட்டைகள் இவ்வகையைச் சேர்ந்தவையே.

வகுப்பறையில் ஒரு சோதனை

வேளாண்மைப் பள்ளிகளிலும் விரிவாக்கப் பயிற்சி மையங்களிலும் இதனை எளிதாகச் செய்து காட்டலாம். முதலில் தாளின் நம்பகத்தைச் சோதிக்க வேண்டும். ஒரு சிறு கிண்ணத்தில் சாதாரண உப்பை இட்டு, முழுதும் கரைந்துவிடாத அளவு சிறிது நீர் சேர்த்துச் சேறு போலக் குழைக்க வேண்டும். அதனை ஒரு கண்ணாடிப் புட்டியினுள் வைத்து இறுக மூடினால், உள்ளிருக்கும் காற்றின் ஒப்பு ஈரப்பதம் சில மணி நேரத்தில் 75 சதவீதத்தை ஒட்டி நிலைபெறும். வெப்பநிலை சற்று மாறினாலும் இந்த அளவு அதிகம் மாறுவதில்லை. இப்புட்டியினுள் உப்புச் சேற்றில் படாமல் தொங்கவிடப்பட்ட கோபால்ட் தாள் இளஞ்சிவப்பாக வேண்டும். உலர்ந்த சிலிகா ஜெல் உள்ள மற்றொரு புட்டியில் அதே தாள் நீலமாக வேண்டும். இரண்டும் நிகழ்ந்தால் தாள் நம்பத்தக்கது.

அடுத்து, மூன்று புட்டிகளில் முக்கால் பங்கு நெல் நிரப்பப்படும். ஒன்றில் நன்கு காய்ந்த நெல், மற்றொன்றில் அன்று அறுத்த நெல், மூன்றாவதில் ஒரு நாள் மட்டும் காய்ந்த நெல். ஒவ்வொன்றிலும் ஒரு தாளை வைத்து மூடி, நிழலில் ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தால், முதலிரண்டு புட்டிகளின் வேறுபாடு தெளிவாகத் தெரியும். மூன்றாவது புட்டியே மாணவர்களுக்கு உண்மையான பாடம் புகட்டுவது. கடித்துப் பார்த்தும் கையால் அளைந்தும் அதைக் குறித்து அவர்கள் கூறும் மதிப்பீட்டைத் தாளின் நிறத்தோடு ஒப்பிடச் செய்ய வேண்டும். சோதனைக்குப் பயன்பட்ட தானியத்தை உண்ணலாகாது. தாளைத் தொட்டபின் கைகளைக் கழுவ வேண்டும்.

விதையின் ஆயுள்

உணவுத் தானியத்துக்கு அடுத்தபடியாக நிறங்காட்டி பெரிதும் உதவக்கூடிய இடம் விதைச் சேமிப்பு. விதையின் ஈரம் 5 முதல் 14 சதவீதம் வரையான எல்லைக்குள், ஈரம் 1 சதவீதம் குறையும்தோறும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது ஹாரிங்டன் என்னும் அமெரிக்க விதையியல் அறிஞர் வகுத்த விதி. இது தோராயமான கணக்கே எனினும் நடைமுறைக்கு நல்ல வழிகாட்டி. நமது விதைச் சான்றளிப்புத் தரங்களும் இதற்கு இடமளித்துள்ளன. சாதாரணக் கொள்கலனில் வைக்கப்படும் நெல் விதைக்கு 13 சதவீத ஈரம் வரை ஏற்கப்படுகிறது. ஈரம் புகாத கொள்கலனுக்கு 8 சதவீதமே உச்ச வரம்பு. மூடிய கலத்தில் உள்ள ஈரம் வெளியேற வழியில்லை என்பதே இந்தக் கடுமைக்குக் காரணம்.

நாட்டின் பல பகுதிகளில் உழவர்கள் இன்றும் சொந்த விதையையே அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கின்றனர். மழைக்காலத்தில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் பல வாரங்கள் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பகுதிகளில், வெயிலில் காய்ந்த விதையும் திறந்த சாக்கில் இருந்தால் மீண்டும் ஈரத்தை ஏற்றுவிடும். காற்றுப்புகாத பையிலோ புட்டியிலோ விதையை இட்டு, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு நிறங்காட்டி அட்டையை வைத்தால், கலம் ஒழுகத் தொடங்கிய அன்றே அது தெரிந்துவிடும். முளைப்புத் திறன் குறைந்தது விதைத்தபின்தான் தெரியவரும் என்னும் நிலை இதனால் மாறும்.

எடையும் விலையும்

ஈரம் தெரிந்துவிட்டால் எல்லோரும் தானியத்தை உலர்த்திவிடுவார்கள் என்று கருதுவது சரியன்று. அரசுக் கொள்முதலில் நெல்லுக்கு 17 சதவீத ஈரம் வரை அனுமதிக்கப்படுகிறது. 17 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர் பொருள் 83 கிலோ. அதனை 13 சதவீதத்துக்கு உலர்த்தினால் எஞ்சும் எடை 95.4 கிலோ மட்டுமே. விலை எடைக்குத் தரப்படும்போது, கூடுதலாக உலர்த்தியவர் 4.6 கிலோவுக்கான தொகையை இழக்கிறார். உலர்த்துவதற்கான கூலியும் களமும் அவருடைய செலவே. மீதமுள்ள ஈரத்தை நீக்கும் சுமையும், நீக்காவிட்டால் நேரும் சேதமும் கிடங்குக்குச் செல்கின்றன.

இதிலிருந்து ஒரு பொது உண்மை புலப்படுகிறது. ஓர் அறிகுறியைக் காண்பவரும், அதனைப் புறக்கணித்தால் நட்டமடைபவரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில் அறிகுறி தானே வேலை செய்யும். வீட்டு உணவுக்காக வைக்கும் மக்காச்சோளமும், சொந்த விதையும், மகளிர் குழுக்கள் பொதி கட்டி விற்கும் மசாலாப் பொருள்களும் இவ்வகையின. காண்பவர் ஒருவராகவும் நட்டமடைபவர் வேறொருவராகவும் உள்ள இடத்தில், அறிகுறியோடு பொறுப்பையும் பதிவையும் இணைத்தாக வேண்டும்.

மின்மாற்றி கற்பிக்கும் பாடம்

இரண்டாவது வகைக்கு மின்துறை நல்ல எடுத்துக்காட்டு. பெரிய மின்மாற்றியிலுள்ள எண்ணெய் பகலில் சூடாகி விரிகிறது. சுமை குறையும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அக்காற்றின் ஈரம் எண்ணெயில் கலந்தால் மின்காப்புத் திறன் குறையும்; சுருள்களைச் சுற்றியுள்ள காப்புத் தாளும் விரைவில் நலிவுறும். இதனைத் தடுக்கவே, காற்று நுழையும் வழியில் பிரீதர் எனப்படும் சிலிகா ஜெல் குடுவை பொருத்தப்படுகிறது. குடுவையின் பெரும்பகுதி நிறம் மாறிவிட்டால் ஜெல்லை மாற்றவோ உலர்த்தவோ வேண்டும்.

காற்று கீழிருந்து எண்ணெய்க் கிண்ணத்தின் வழியே வருவதால், நிறமாற்றம் அடிப்பகுதியில் தொடங்கி மேலேறுவதே இயல்பு. மேற்பகுதி முதலில் மாறினால், மேலுள்ள இணைப்பில் கசிவு ஏற்பட்டுக் காற்று குறுக்கு வழியில் புகுகிறது என்று பொருள். அந்நிலையில் ஜெல்லை மட்டும் மாற்றுவது பயன் தராது. நிறத்தை மட்டுமன்றி, நிறம் மாறும் திசையையும் ஊழியர் கவனித்துப் பதிவேட்டில் குறிக்கப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். ஜெல்லின் விலை சொற்பம். மின்மாற்றி பழுதுற்றால் ஒரு வட்டாரத்தின் பாசனமும் தொழிலும் நின்றுபோகும். பார்வையிடும் நாளும், பார்த்தவர் கையொப்பமும், எடுத்த நடவடிக்கையும் பதிவாகும் அலுவலகத்தில்தான் அந்தச் சொற்ப விலைக்கு முழுப் பயன் கிடைக்கும். தானியக் கிடங்குகளுக்கும் இது பொருந்தும்.

எச்சரிக்கைகளும் வரம்புகளும்

கோபால்ட் குளோரைடு தீங்கற்ற பொருள் அன்று. இதன் தூளைச் சுவாசிப்பது புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்பதால் 2008ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் இதனை மிகுந்த கவனத்துக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. 2022ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, நீரில் கரையும் கோபால்ட் உப்புகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்னும் வகையில் வைத்தது. இதனால் பல இடங்களில் நீல ஜெல்லுக்கு மாற்றாக ஆரஞ்சு நிற ஜெல் வழக்கத்துக்கு வந்துள்ளது. இரும்பு உப்பு ஏற்றிய வகை ஈரம் பட்டால் வெளிறிவிடும். மெத்தில் வயலட் சாயம் ஏற்றிய வகை பச்சையாகும்.

இம்மாற்றம் புதிய குழப்பங்களையும் கொண்டுவரும். நீலம் என்றால் உலர்வு என்று பழகிய ஊழியருக்கு ஆரஞ்சு நிறத்தின் பொருள் உடனே விளங்காது. சிவப்பு, பச்சை வேறுபாடு காண இயலாத பார்வைக் குறை உடையவர்களுக்கு ஆரஞ்சு பச்சையாவது புலப்படாமலும் போகலாம். ஆகவே ஒவ்வொரு குடுவையிலும் அட்டையிலும் ‘இந்நிறம் உலர்ந்தது, இந்நிறம் ஈரம்’ என்று வட்டார மொழியில், நிற மாதிரியுடன் அச்சிடுவது இன்றியமையாதது. எவ்வகை ஆயினும், நிறங்காட்டி மணிகள் உணவுத் தானியத்தோடு நேரடியாகக் கலக்கும்படி வைக்கலாகாது.

வேறு சில வரம்புகளும் உள்ளன. நிறங்காட்டி தான் இருக்கும் இடத்தின் நிலையை மட்டுமே கூறும். அடுக்கின் வெளிப்புறச் சாக்கில் வைத்த அட்டை, நடுவிலுள்ள சாக்கின் வெப்பத்தையும் ஈரத்தையும் அறியாது. நிறம் முன்னும் பின்னும் மாறக்கூடியது. இரவில் ஈரமாகிப் பகலில் உலர்ந்த இடத்தில் காலையில் கண்ட நிறம் மாலையில் இராது. கொள்முதல் நிலையத்தில் விலையையும் ஏற்பையும் முடிவு செய்ய இது போதாது. அங்கு சோதித்துச் சரிபார்த்த ஈரமானியே வேண்டும். பூஞ்சை ஏற்கெனவே நஞ்சை உண்டாக்கிவிட்டிருந்தால், பின்னர் உலர்த்திய தானியத்தின் நீல நிறம் அந்நஞ்சு இல்லை என்பதற்குச் சான்றாகாது. உலர்த்துவதில் தாமதம் நேராமல் காப்பதே அட்டையின் பணி. கெட்டதை நல்லதாக்குவது அன்று.

செய்யக்கூடியவை

இந்த வரம்புகளை உணர்ந்து செயல்பட்டால், குறைந்த செலவில் நிறைந்த பயன் காணலாம். வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் அறுவடைக் காலத்துக்கு முன்பே ஊர்தோறும் புட்டிச் சோதனையைச் செய்து காட்டலாம். விதைப் பொதிகளில் வெளியிலிருந்து பார்க்கத்தக்க நிறங்காட்டிச் சாளரம் அமைப்பதை விதை நிறுவனங்கள் மேற்கொள்ளலாம். கூட்டுறவுக் கிடங்குகளில் அட்டையைப் பார்ப்பதும் பதிவதும் ஒருவரின் பெயர் குறித்த பொறுப்பாக்கப்படலாம். கோபால்ட் கலவாத, 65 சதவீத எல்லையில் தெளிவாக நிறம் மாறும் மலிவான அட்டையை உருவாக்குவது நமது ஆய்வு நிறுவனங்களுக்கு ஏற்ற பணியாகும்.

பான்ஸ்வாடாவிலும் பஞ்சமஹாலிலும் அன்று இறந்தவர்கள் தங்கள் வீட்டில் இருந்த தானியத்தையே உண்டனர். அதனைத் தவிர அவர்களுக்கு வேறு உணவு இருக்கவில்லை. இத்தகைய குடும்பங்களுக்கு அடையாள அட்டை மட்டும் போதாது. மழையில் நனையாத உலர்களமும், கெட்ட தானியத்தைக் கைவிட்டால் மாற்றுத் தானியம் கிடைக்கும் என்னும் உறுதியும் உடன் வேண்டும். ஈரத்தை நிறம் காட்டிவிடும். கண்டபின் செய்ய வேண்டியதைச் செய்வதற்கான வசதியை ஏழைக் குடும்பத்துக்கும் எட்டச் செய்வதே வளர்ச்சித் திட்டங்களின் கடமையாகும்.